சுகமாகிவிட்டாள், ஸ்தோத்திரம்

எங்கள் சபையில் எதற்கும் ஸ்தோத்திரம் சொல்வார்கள். மகனுக்கு விசா கிடைத்தால் ஸ்தோத்திரம். மாமனார் காலமாகி வீடு கைக்கு வந்தால், குரலைக் கொஞ்சம் இறக்கி, அதற்கும் ஸ்தோத்திரம். சின்ன வயதிலிருந்து நானும் கூடச் சேர்ந்து சொன்னவள்தான். இப்போது சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். எங்கள் சபைக்காரர்கள் யாராவது படித்துவிட்டுக் கோபப்பட்டால் படட்டும். நான் பட்ட கோபத்தில் அது கால்வாசிகூட வராது.

நான் காசநோய்க் கிருமியோடு பிழைப்பு நடத்துகிறவள். கிண்டிப் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. நோயாளிகளின் சளி சின்னச் சின்ன டப்பாக்களில் வரும். அதில் கிருமி இருக்கிறதா, இருந்தால் எந்த மருந்துக்குச் சாகும் என்று வளர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் மயிலாப்பூரும் சாந்தோமும் சேருகிற இடத்தில் இருக்கும் எங்கள் தேவாலயத்துக்குப் போவேன். இரண்டு இடத்திலும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். "ஞாயித்துக்கிழமை அற்புதம், திங்கக்கிழமை மைக்ராஸ்கோப், எப்படி மேடம் சமாளிக்கிறீங்க?" என்று கூட வேலை பார்க்கிற ஒருத்தர் அடிக்கடி கேட்பார். தான் பெரிய அறிவாளி என்ற நினைப்பு அவருக்கு. அவர் ஒரு முறை வாரக் கணக்கு முடிவதற்குள்ளேயே, கிருமி வளராத டப்பாவை மறுபடி பார்க்கச் சோம்பல்பட்டு 'இல்லை' என்று எழுதப் போனார். நான் பிடுங்கி மறுபடி வைத்தேன். பொய்யான முடிவை எழுதக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது மைக்ராஸ்கோப் இல்லை என்று அன்றைக்கு அவரிடம் சொன்னேன். அதற்கப்புறமும் கேட்பதை அவர் நிறுத்தவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. வரிசையாகப் போய்ப் பலிபீடத்துக்கு முன்னால் இருக்கிற மரக் கிராதியில் மண்டியிட வேண்டும். ஆயர் முதலில் அப்பத் துண்டை உள்ளங்கையில் வைப்பார். பிறகு வெள்ளிப் பாத்திரத்தில் திராட்சரசம் வரும். ஒரே பாத்திரம். ஒருவர் வாய் வைத்துக் குடித்ததும் ஆயர் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். கலெக்டர் ஆபீஸ் அதிகாரி குடித்த பாத்திரத்தில் அவருடைய டிரைவர் குடிப்பார். நான் கிறிஸ்தவளாக இருப்பதற்கு நூறு காரணம் சொல்ல முடியாது. இந்த ஒன்றைச் சொல்வேன்.

நோய்த்தொற்றுக் காலத்தில் இந்தப் பாத்திரத்தை நிறுத்தச் சொன்னது நான்தான். அப்போது அது சரி. ஊரே மூடிக் கிடந்தது, மூச்சுவிடப் பயந்த காலம். அது முடிந்ததும் பாத்திரம் திரும்ப வந்தது. அதில் ஜலதோஷம் ஒட்டலாம், வாய்ப்புண் ஒட்டலாம், உடம்பு சரியில்லாதவர்கள் அன்றைக்கு அப்பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று அப்போதும் சொன்னேன். எல்லோரும் மறுபடி மண்டியிட்டுக் குடித்தார்கள்.

இந்த வரிசையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெண் வந்து மண்டியிடுவாள். அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்தவள். கரையை ஒழுங்குபடுத்துகிறோம் என்று இடித்துத் தள்ளி, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அங்கே தெருவுக்குத் தெரு ஜெபவீடு இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி எங்கள் சபைக்கு வருவாள். வாரநாட்களில் தி.நகர் துணிக்கடை ஒன்றில் தரை துடைக்கிற வேலை. அதற்கு முன்னால் பல வருஷம் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி வீட்டில், அடையாறு பக்கம், வீட்டுவேலை செய்தாள்.

இந்தத் தலைவியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். தி.நகரில் பாத்திரக்கடை. வீட்டுவேலைக்காரியைக் கர்த்தரிடம் கொண்டுவந்தவர் என்று சபையில் அவருக்கு நல்ல பெயர். பெண்கள் கூட்டத்தில் அவள் தோளில் கை வைத்து, "இது என் ஆதாயம்" என்று வெளியூர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்துவார். அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள். எனக்குப் பார்க்கவே எரியும்.

அந்தப் பெண்ணுக்கு இருமல் வந்தது. எடை குறைந்தது. அரசு ஆஸ்பத்திரியில் காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். தலைவியம்மாள், "நல்லா ரெஸ்ட் எடு, உடம்பப் பாத்துக்கோ" என்று அனுப்பிவிட்டு மறுவாரமே வேறு ஆளை வைத்துக்கொண்டார். அவள் ஆறு மாதமும் மாத்திரையை விடவில்லை. காலையில் வெறும் வயிற்றில் அத்தனை மாத்திரையையும் விழுங்கிவிட்டுக் குமட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். படித்தவர்களே பாதியில் விடுவார்கள், அந்தப் பாதி மாத்திரையின் பலன்தான் மருந்துக்குச் சாகாத கிருமியாக எங்கள் டப்பாக்களில் வந்து நிற்கும். அவள் முடித்தாள். சளியில் கிருமி இல்லை, குணமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த மாதங்களில் அவள் சபைக்கே வரவில்லை. தானாகவே வரவில்லை. யாருக்கும் ஒட்டிவிடக் கூடாது என்று.

குணமானதும் வந்தாள். வந்தவள் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் சபையில் சாட்சி சொல்கிற வழக்கம் உண்டு. கர்த்தர் செய்த நன்மையை மைக்கைப் பிடித்துச் சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும். ஸ்தோத்திரப் பண்டிகையன்று செயலாளர், "யாராவது சாட்சி சொல்ல விரும்பினால்" என்று கேட்டதும் பின்வரிசையிலிருந்து அவள் எழுந்து வந்தாள். மைக்கை வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு டிபி வந்துச்சு. ஆறு மாசம் மாத்திர துன்னேன். ஒரு நாளு வுடல. கர்த்தரு கூடவே இருந்தாரு. இப்போ டெஸ்ட்ல ஒன்னியும் இல்லன்னு சொல்லிட்டாங்கோ. நல்லா கீறேன். அவ்ளோதான்."

எனக்குத் தெரிந்து அந்த மைக்கில் சொல்லப்பட்ட ஒழுங்கான சாட்சி அது ஒன்றுதான். கடவுளையும் மாத்திரையையும் ஒரே மூச்சில் சொன்னாள், ஒன்றுக்கொன்று இடிக்கவில்லை. சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. கைதட்டினார்கள். ஆயர் அவள் தலையில் கை வைத்து, சுகம் கொடுத்ததற்கு நன்றி சொல்லி நீளமாக ஒரு ஜெபம் செய்தார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த திருவிருந்தில் அவளுக்கு முன்னும் பின்னும் கிராதியில் ஓர் ஆள் மண்டியிடும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அதற்கும் அடுத்த மாதம் வரிசையில் அவள் எங்கே நிற்கிறாள் என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பலர் எழுந்தார்கள். அவளுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. நோய் என்று தெரிவதற்கு முன்னால், அவள் இருமிக்கொண்டு வந்த நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து பாடினவர்கள், நோய் போய்விட்டது என்று அவள் வாயால் கேட்ட பிறகு ஒதுங்கினார்கள்.

அந்த மாதம் ஆராதனை முடிந்ததும் செயலாளர் என்னை ஆயரின் அறைக்குக் கூப்பிட்டார். அவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் இருப்பவர் கடன் கேட்டு வந்திருக்கிறார் என்பதுபோலவே இன்னும் பேசுவார். ஆயர் இருந்தார். தலைவியம்மாளும் இருந்தார். டீ கொடுத்தார்கள். எனக்கு எங்கள் சபையில் யாரும் சும்மா டீ கொடுத்ததில்லை.

"மேடம், அடுத்த மாசத்துலேர்ந்து திருவிருந்துக்கு ஆளுக்கொரு சின்னக் கப் வைக்கலாம்னு கமிட்டியில ஒரு எண்ணம்" என்றார் செயலாளர். "அம்மாவே கடையிலேர்ந்து எவர்சில்வர் கப் காணிக்கையா தர்றேன்னுட்டாங்க. நீங்க சபைக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் பேசினா நல்லா இருக்கும். ஒரே பாத்திரத்துல குடிச்சா என்னென்ன பரவும்னு. சயின்டிஃபிக்கா."

"என்ன பரவும்னு நினைக்கிறீங்க?"

அவர் தலைவியம்மாளைப் பார்த்தார்.

"காலம் கெட்டுக் கெடக்குல்லாம்மா" என்றார் அந்த அம்மாள். "டிபி அது இதுன்னு கேள்விப்படுதோம். வயசானவங்க, சின்னப் பிள்ளைங்க எல்லாம் வாராங்க."

"டிபி யாருக்கு இருக்கு?"

"பேரு சொல்ல வேண்டாம்னு பாக்குதோம்."

நான் டீயை வைத்துவிட்டேன். காசநோய் பாத்திரத்தில் பரவுவதில்லை என்றேன். காற்றில் பரவும், இருமுகிறவர் மூச்சிலிருந்து பக்கத்தில் இருப்பவர் மூச்சுக்குப் போகும். மருந்தை முடித்துக் குணமானவரிடமிருந்து எந்த வழியிலும் பரவாது. அப்படியும் பயமாக இருந்தால் ஜன்னல்களைத் திறங்கள். எங்கள் தேவாலயத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் உயர ஜன்னல்கள். கடல் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும்படி கட்டியவர்கள் கட்டியிருந்தார்கள். ஏசி போட்டபோது அத்தனையையும் கண்ணாடி வைத்து அடைத்துவிட்டார்கள். இப்போது ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பாடுகிறோம். காசநோய் வரவேண்டுமென்று யாராவது திட்டம் போட்டால் இதைவிட நல்ல இடம் அமையாது என்றேன்.

"ஜன்னலத் தொறந்தா ஏசி போயிருமே" என்றார் தலைவியம்மாள்.

அவரை நான் முறைத்ததில் ஆயர் கொஞ்சம் பயந்துவிட்டார். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். எல்லோரிடமும் நல்ல பெயர் எடுக்க நினைப்பவர்களால் எவ்வளவு கெடுதல் செய்ய முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீங்க சொல்றது சரிதாம்மா" என்றார். "ஆனா ஒன்னு யோசிச்சுப் பாருங்க. எல்லாரும் குடிச்ச பிறகு பாத்திரத்துல மீதி இருக்கறதை யாரும் கீழ ஊத்தக் கூடாது. முறைப்படி ஆயர்தான் குடிச்சு முடிக்கணும். இப்போ கடைசியா குடிக்கறது அந்தப் பொண்ணு. அதுக்கப்புறம் நான்."

மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு நிமிஷம் அவர்மேல் இரக்கம்கூட வந்தது.

"அவ சுகமாயிட்டான்னு தலையில கை வெச்சு ஜெபம் பண்ணது நீங்கதானே ஐயா?"

"அது விசுவாசம்மா."

"அப்போ இது?"

"இது முன்னெச்சரிக்கை."

குஷ்டரோகியைக் கை நீட்டித் தொட்டவரைப் பற்றி இவர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரசங்கம் செய்வார். குரல் தழுதழுக்கும். ஆஸ்பத்திரி சொன்னது, அவள் சுகமாகிவிட்டாள் என்று. இவர்களுடைய ஜெபமும் அதையேதான் சொன்னது. என் வேலையில் இந்த மாதிரி இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற விஷயம் அபூர்வம். இவர்கள் ஆஸ்பத்திரியையும் நம்பவில்லை, தாங்கள் செய்த ஜெபத்தையும் நம்பவில்லை. பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

செயலாளர் கதவுவரை வந்தார். "மேடம், ஒன்னு கவனிங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி கப்தான். அந்தப் பொண்ணுக்கும் அதே கப்தான். இதுல பாகுபாடு எங்க வருது?"

இதுதான் அவர்களுடைய சாமர்த்தியம். ஒருத்தியை விலக்குவதற்காக எல்லோரையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. அதுவும் சுத்தம், சுகாதாரம், அறிவியல் என்ற பெயரில். நான் அறிவியல் படித்தது இந்த மாதிரி ஆட்களுக்கு முக்காடு தைத்துக் கொடுக்க இல்லை.

மறு ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் செயலாளர் மைக் முன்னால் வந்தார். வருகிற முதல் ஞாயிறு முதல் திருவிருந்தில் தனித்தனிக் கப் என்று வாசித்தார். பிறகு, "நம் சபையில் உள்ள விஞ்ஞானி அம்மா அவர்களுடைய ஆலோசனையின்படி இந்த ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது" என்றார். தலைகள் என் பக்கம் திரும்பின. சிலர் புன்னகை செய்தார்கள்.

எங்கள் சபையில் ஆராதனை நடுவில் யாரும் எழுந்து பேசுவதில்லை. நான் எழுந்தேன். "நான் அப்படிச் சொல்லல" என்றேன். மைக் இல்லாததால் கத்த வேண்டியிருந்தது. "பாத்திரத்துல டிபி பரவாது. ஜன்னலைத் திறங்கன்னு சொன்னேன். அதைத்தான் சொன்னேன்." ஆண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். ஆயர் பாடகர் குழுவைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஆர்கன் ஆரம்பித்துவிட்டது. அந்த ஆர்கன் பெரியது, நான் மேற்கொண்டு சொன்னது எனக்கே கேட்கவில்லை. சபை எழுந்து நின்று பாடியது. நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் நானும் பாட எழுந்தவள்போல ஆகிவிட்டேன். அந்த அவமானத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் ஆளுக்கொரு அட்வைஸ். "ரொம்பப் படிச்சா விசுவாசம் கொறஞ்சிடும்னு சொல்வாங்க, சரியாத்தான் இருக்கு" என்றார் ஒருவர். பாத்திரத்தைப் பார்த்துப் பயப்படுகிற ஆள், அதில் தைரியமாகக் குடிக்கிற என்னிடம் வந்து விசுவாசம் குறைந்துவிட்டது என்கிறார். அவருக்குச் சொல்ல வந்த வார்த்தைகளைத் தேவாலய வாசலில் சொல்ல முடியாது.

அவள் பஸ் ஸ்டாப்பில் நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"இன்னாத்துக்கு டாக்டரம்மா கத்துன?" என்றாள். நான் டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லியாகிவிட்டது, அவள் விடுவதில்லை. "டிபி டிபின்னு. எல்லாரும் என்னியே பாத்துக்கினு இருந்தாங்கோ."

"பேர் சொல்லலையே நான்."

"பேரு சொல்லணுமா? நான்தான் மைக்குல சொன்னேனே." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "பொய்யா சொன்னேன்? சொகமாச்சு, சொன்னேன். அதுக்குத்தானே கூப்ட்டாங்கோ."

சின்னக் கப்பைப் பற்றி அவளிடம் ஏற்கெனவே பேசிவிட்டிருந்தார்கள். நான் நினைத்தது வேறு, அவள் சொன்னது வேறு.

"கப்பு நெறிய கீதாம். கழுவ ஆளு வோணுமாம். அந்தம்மா வந்து, நீயே வந்து கழுவிக் குடுத்துடு, கர்த்தருக்கு ஊழியமா நெனச்சிக்கோன்னு சொல்லிக்கினு போச்சு."

இவள் வாய் வைத்த பாத்திரத்தில் ஒட்டுகிற கிருமி, இவள் கை வைத்துக் கழுவுகிற அத்தனை கப்பிலும் ஒட்டாதாம். நான் படித்த எந்தப் பாடத்திலும் இப்படி ஒரு கிருமி இல்லை.

"முடியாதுன்னு சொன்னியா?"

"ஒன்னியும் சொல்லல." அவள் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். "அந்தம்மா வூட்ல அத்தினி வருசம் வேல பாத்தேன். அவுங்க குடிச்ச கிளாஸ கழுவி வெப்பேன். அதுல நான் ஒரு வாய் குடிச்சதில்ல. குடிக்கக் கூடாதுன்னு யாரும் சொன்னதும் இல்ல. தெரியும்ல நமக்கு. அப்பால ஒரு நாளு சர்ச்சுக்குக் கூட்டிக்கினு வந்தாங்கோ. நான் கடைசில குந்திக்கினு பாத்தேன். அவுங்க வாய வெச்ச அதே கிண்ணத்த ட்ரைவருக்குக் குடுக்குறாரு சர்ச்சு ஐயரு. தோட்டக்காரருக்குக் குடுக்குறாரு. எனக்கும் குடுப்பாங்களான்னு கேட்டேன். ஞானஸ்நானம் எடுத்து, எல்லாம் முடிச்சா குடுப்பாங்கன்னு சொன்னாங்கோ. அதுக்கோசரந்தான் எடுத்தேன். பாட்டுக்கும் இல்ல, பிரசங்கத்துக்கும் இல்ல. எனக்கு அந்தப் பிரசங்கமே புரியாது."

"அங்க உங்க வீட்டுப் பக்கமே நிறைய சபை இருக்கே."

"கீது. அங்க எல்லாரும் நம்ம ஆளுங்க. அவுங்களோட ஒரே கிளாஸ்ல டீயே குடிக்கிறேனே, அதுக்கு எதுக்கு சர்ச்சு?"

பஸ் வந்தது. ஏறிவிட்டாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். இறையியல் கல்லூரியில் படித்து அங்கி மாட்டியவர்கள் ஒருவர்கூட எனக்குத் திருவிருந்தை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அதைப் பிடுங்குவதற்குத்தான் என் பெயரை உபயோகித்திருக்கிறார்கள்.

அந்த வாரம் ஆயருக்கு இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை ஜெபிக்கிறேன் என்றார். இரண்டாம் முறை ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். முதல் ஞாயிறு போகவே கூடாது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர், "போகாம இருந்தா நிம்மதியா இருக்கும்" என்றார். யாருக்கு நிம்மதி என்று கேட்டுவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

புதுக் கப்புகள் பளபளவென்று தட்டில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. விரல் நுனி அளவு. வெள்ளிப் பாத்திரம் பலிபீடத்தில் இருந்தது, மேலே துணி போட்டு மூடியிருந்தது. ஆயர் புது முறையை விளக்கினார். தட்டு வரும்போது ஆளுக்கொரு கப் எடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். அவர் வாசகத்தைச் சொல்லி முடித்ததும் அந்த வரிசை முழுவதும் ஒன்றாகக் குடிக்க வேண்டும். ஒருமைப்பாட்டுக்கு அடையாளம் என்றார். ஜன்னல்கள் மூடியிருந்தன. பக்கத்து வரிசையில் ஒரு தாத்தா இருமிக்கொண்டே இருந்தார். அவருக்கு மின்விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரோ விசிறியையும் நிறுத்தினார்கள்.

பெண்கள் பக்கத்தில் முதல் வரிசை எழுந்தது. தலைவியம்மாள் எப்போதும்போல முதல் ஆளாகப் போய் மண்டியிட்டார். அவருக்கு அடுத்து அவருடைய சிநேகிதி போக வேண்டும். அதற்குள் பின்னாலிருந்து அந்தப் பெண் விடுவிடுவென்று நடந்து வந்து தலைவியம்மாளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டுவிட்டாள். கடைசி வரிசைக்காரி முதல் வரிசையில் வந்து சேர்ந்ததில் சிநேகிதி பாதி வழியில் நின்றுவிட்டார். நான் அவரைத் தாண்டிப் போய் அவளுக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அப்பம் வந்தது, சாப்பிட்டோம். தட்டு வந்தது. தலைவியம்மாள் ஒரு கப்பை எடுத்துக்கொண்டார். அவள் ஒன்றை எடுத்தாள். நான் ஒன்றை எடுத்தேன். ஆயர் கிராதியின் அந்த முனைவரை போய்த் திரும்பி வந்து புத்தகத்தைப் பிரித்தார்.

அவர் வாசகத்தை ஆரம்பிப்பதற்குள் அவள் கப்பை வாயில் வைத்துவிட்டாள். பாதி குடித்தாள். வேண்டுமென்றேதான் விளிம்பில் நன்றாக உதடு பதியக் குடித்தாள். மீதிப் பாதியைத் தலைவியம்மாளுக்கு முன்னால் நீட்டினாள்.

"குடிம்மா" என்றாள். சண்டைக்குரல் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள், அந்த வீட்டில் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது இப்படித்தான் சொல்லியிருப்பாள்.

தலைவியம்மாள் ஆயரைப் பார்த்தார். ஆயர் புத்தகத்தைப் பார்த்தார். அவள் கை நீட்டினபடியே இருந்தது. அந்தக் கை இறங்கிவிடுமோ என்று எனக்குப் பதறியது. எவ்வளவு நேரம்தான் ஒருத்தி அப்படி நீட்டிக்கொண்டிருப்பாள். நான் என் கப்பைக் கிராதிமேல் வைத்துவிட்டு அவள் கையிலிருந்ததை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

அவள் கப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ குடிப்பன்னு எனக்குத் தெரியும், டாக்டரம்மா. நான் இவுங்களத்தான் கேட்டுக்கினு கீறேன்."

மறுபடியும் கப்பைத் தலைவியம்மாளுக்கு நேராக நீட்டினாள். அந்த அம்மாள் இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து உதட்டை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டார். அவர் இன்னும் எதையும் குடித்திருக்கவில்லை.